கேம் மாஸ்டருக்குத் தமிழ்: நீகானா, தண்டலா, நெறியாளரா?

தொண்டியிலிருந்து, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். கோடை முகாமுக்கான 24 பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம். களம் நம் கடற்கரை, காலம் 1795 முதல் 1801 வரை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மனித அளவை மீறிய ஆற்றல் ஒன்று. சங்கு குளிக்கும் பெண் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், மூச்சடக்குவாள். உப்பளத்துக்காரர் தொட்ட நீர் உறைந்து உப்பாகும்.

தொடராட்டம் (கேம்பெயின்), அமர்வு (செஷன்), பாத்திரத் தாள் (கேரக்டர் ஷீட்) ஆகியவை முடிந்தன. இயந்திர மொழிபெயர்ப்பு கேம்பெயினைப் 'பரப்புரை' ஆக்கியிருந்தது, அதை நீக்கியாயிற்று. நிற்பது கேம் மாஸ்டர் ஒன்றுதான். கையேட்டில் 61 இடங்களில் வருகிறது.

இவர் களத்தை விவரிப்பார். ஆட்டக்காரர் கையில் இல்லாத எல்லாராகவும் பேசுவார்: கம்பெனிச் சிப்பாய், சத்திரத்துக் கணக்குப்பிள்ளை, துறையில் நிற்கும் கிழவி. எப்போது கட்டை உருட்டுவது, விழுந்த எண்ணுக்கு என்ன விளைவு என்பதும் இவர் பொறுப்பு. இதுவரை வந்தவை ஆட்டநாயகர், நடத்துநர், ஆட்டுவிப்பவர், கதைசொல்லி. வியாழன் இரவுக்குள் முடிவு தேவை.

திருப்புல்லாணியிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, நான்கையும் ஒதுக்கலாம். ஆட்டநாயகர் என்றால் கிரிக்கெட்டில் பரிசு வாங்குபவர். நடத்துநர் என்றால் பேருந்தில் சீட்டுக் கொடுப்பவர். (அதை 'நடத்துனர்' என்று எழுதுவோரும் இந்தக் குழுவில் உண்டு. ஓட்டுநர், இயக்குநர் போல இங்கும் விகுதி -நர் தான்.) ஆட்டுவிப்பவர் இலக்கணப்படி சரி, ஆனால் 'ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே' என்று அப்பர் பாடியது இறைவனை. பிள்ளைகளைப் பொம்மையாக்கும் சொல் வேண்டாம். கதைசொல்லி என்றால் கேட்போர் கைகட்டி இருப்பார்கள்.

நம் துறைக்கு ஏற்ற பழஞ்சொல் அகநானூற்றிலேயே இருக்கிறது. 255ஆம் பாட்டு:

கோடுயர் திணிமணல் அகன்துறை நீகான்
மாட ஒள்ளெரி மருங்கறிந்து ஒய்ய

மாடத்து விளக்கொளியால் இடமறிந்து கலத்தைச் செலுத்துகிறான் நீகான். காற்று அவனுடையதன்று, கடல் அவனுடையதன்று, சரக்கும் அவனுடையதன்று. வழி மட்டும் அவன் கையில். இதைவிடப் பொருந்தும் சொல் உண்டா?

தேவிபட்டினத்திலிருந்து, செவ்வாய் மதியம்

புலவர் ஐயாவின் விளக்கம் அருமை, சொல்லில்தான் எனக்குத் தயக்கம். முதலில், இவர் செய்யும் வேலையை இன்னும் நெருக்கமாகப் பார்ப்போம்.

வரலாற்றுக் களத்தில் மீறிய ஆற்றலைக் கொண்டுவந்தால் உடனே எழும் சிக்கல், வரலாறு உடைவது. பறக்கத் தெரிந்த ஒருவர் போதும். 1798 செப்டம்பரில் இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்த காட்சி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வாசலில் காவல், உள்ளே வாக்குவாதம், தப்பிக்க ஒரே வழி என்ற இறுக்கம்தான் அந்த அமர்வின் உயிர். மேலே பறந்துவிட்டால் எதுவும் மிஞ்சாது. மனத்தைப் படிக்கும் ஆற்றலும் அப்படியே, சூழ்ச்சிக் கதையைக் கொன்றுவிடும். ஆகவே பறத்தல், மனம் படித்தல், காலம் தாண்டல் மூன்றும் விலக்கு. ஆற்றல் ஓர் ஆளையோ ஒரு தோணியையோ தொடலாம், படையைத் தொடக்கூடாது.

அடுத்தது, அசையாத மூன்று முளைகள். 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி பதவியிறக்கித் திருச்சிராப்பள்ளியில் சிறைவைத்தது. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். இம்மூன்றும் மாறா என்று முதல் அமர்வுக்கு முன்பே ஆட்டக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். மறைத்துவைத்துக் கடைசியில் திணித்தால், ஆறு அமர்வு உழைத்தவர்கள் ஏமாந்ததாக எண்ணுவார்கள், அது நியாயமான கோபம். முளைகளுக்கு இடையில் எல்லாம் திறந்தது: எந்த ஓலை யாரிடம் சேர்ந்தது, எந்த ஊர் எரியாமல் தப்பியது, யார் தோணியேறி இலங்கைக் கரை சேர்ந்தார்.

இன்னொன்றை யாரும் எழுதாததால் எழுதுகிறேன். மேசையில் இருக்கும் பிள்ளைகளின் ஊரும் குலதெய்வமும் முன்னோரும் இந்தக் கதையில் வருவார்கள். எனவே ஆட்டம் தொடங்குமுன் அரைமணி நேர முன்னமர்வு கட்டாயம். பாத்திரத் தாளில் சாதிக்கு இடமில்லை. காட்டிக்கொடுத்தவராக வருபவர் எப்போதும் கற்பனைப் பாத்திரம், கற்பனை ஊர். யாருக்காவது ஒரு காட்சி பொறுக்கவில்லை என்றால் கையைத் தூக்கினால் போதும், காரணம் கேட்காமல் காட்சி நகரும். இதைக் காப்பதும் இவர் வேலைதான்.

இவ்வகை ஆங்கில ஆட்டங்களிலும் இவருக்கு ஒரே பெயர் நிலைக்கவில்லை. 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதற்பதிப்பில் 'ரெஃப்ரி'. 1981இன் கால் ஆஃப் கதுலூவில் 'கீப்பர்'. 1984இன் மார்வெல் சூப்பர் ஹீரோஸ் ஆட்டத்தில் 'ஜட்ஜ்'. மாஸ்டர் என்ற சொல்லை ஆண்டான் என்றோ ஆசான் என்றோ பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. என் முன்மொழிவு நெறியாளர். தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

கீழக்கரையிலிருந்து, செவ்வாய் இரவு

தேவிபட்டினத்துத் தம்பி வேலையைச் சொல்லிவிட்டார், புலவர் ஐயா உவமையைச் சொல்லிவிட்டார். இரண்டும் சேர்ந்த சொல் நம் துறைமுகத்தில் இன்றும் இருக்கும்போது ஏன் ஈராயிரம் ஆண்டு பின்னால் போக வேண்டும்? தண்டல்! தோணியில் சுக்கான் பொறுப்பு தண்டலுக்கு. கச்சான் காற்று எழுந்தால் பாயை எப்போது இறக்குவது, வாடை தணியும்வரை எந்தத் தீவின் மறைவில் ஒதுங்குவது என்று சொல்பவர் தண்டல். சம்மாட்டி வேறு, தண்டல் வேறு. படகு சம்மாட்டியுடையது, பயணம் தண்டலுடையது. ஆட்டத்தை எழுதி வெளியிட்டவர் சம்மாட்டி, மேசையில் நடத்துபவர் தண்டல் என்றால் கடற்கரைப் பிள்ளைக்கு இரண்டாவது முறை விளக்க வேண்டாம்.

நீகானில் இன்னொரு குறையும் உண்டு. முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் பெண்பிள்ளைகள். நீகான் என்பது ஆண்பால். தண்டல் சொன்னார் என்றால் இருபாலுக்கும் பொது.

திருப்புல்லாணியிலிருந்து, புதன் விடியற்காலை

> நீகான் என்பது ஆண்பால்

மீகாமர் என்று பலர்பாலாக்கினால் தீர்ந்தது. நீகான், நீயான், மீகான், மீகாமன் எல்லாம் ஒரு குடும்பம். மணிமேகலையில் 'நீயான் நடுங்க நடுவுநின் றோங்கிய' கூம்பு (பாய்மரம்) முறிகிறது. நகரம் மகரமாவது தமிழுக்குப் புதிதன்று: நுனை, முனை. 'மீ' மேல் என்றும் 'கா' காத்தல் என்றும் கொண்டால் மேலிருந்து காப்பவன் மீகாமன். 'நீ' என்பதை நீரின் கடைக்குறையாகக் கொண்டால் நீரைக் காண்பவன் நீகான். இரண்டில் எது முந்தியது என்பதில்தான் பொருளே இருக்கிறது. கலத்துக்குள் நின்று காத்தலா, நீரை நோக்கிக் காண்டலா? நான் இரண்டாவதன் பக்கம். அகநானூற்றுச் செய்யுளிலும் அவன் ஒளியைக் கண்டே செலுத்துகிறான்.

தண்டலைத் தமிழ் என்று கொள்வதானால், தண்டு என்றால் துடுப்பு, தண்டு வலித்தல் என்பது வழக்கு, அல் தொழிற்பெயர் விகுதி, அது ஆகுபெயராய் ஆளைக் குறித்தது எனலாம். ஆனால் மலையாளக் கரையிலும் தெலுங்குக் கரையிலும் மராத்தியிலும் குஜராத்தியிலும் அதே சொல் தண்டேல், தாண்டேல் என்று வழங்குகிறது. ஐந்து கரைக்கும் பொதுவான சொல்லைத் தமிழ் வேர் என்று எப்படி உறுதி சொல்வது?

கீழக்கரையிலிருந்து, புதன் காலை

ஐயா, ஐந்து கரையில் வழங்குவது சொல்லுக்குக் குறையா, பெருமையா? கப்பலோடு போன சொல் கரை தொடத்தான் செய்யும். மரைக்காயர் என்பதை மரக்கலராயர் என்று பிரிப்பாரும் உண்டு, அரபியில் கலத்தைக் குறிக்கும் மர்கப் என்பதோடு இணைப்பாரும் உண்டு. இரண்டில் எது சரியானாலும் சீதக்காதி வள்ளல் நம்மவர், சீறாப்புராணம் தமிழ்.

பாம்பனிலிருந்து, புதன் மதியம்

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்வது துறைக்குள் சரி. துறையை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்தால் தண்டல் என்பது நாள்வட்டிப் பணம். தண்டல்காரர் வருகிறார் என்றால் கதவைச் சாத்தும் வீடுகள் உண்டு. கையேட்டின் முதல் பக்கத்தில் 'உங்கள் தண்டலிடம் கேளுங்கள்' என்று படிக்கும் தாய் என்ன நினைப்பார்? அந்த ஒரு காரணத்துக்காகவே என் வாக்கு இல்லை.

கூத்திலிருந்து சூத்திரதாரியையோ கட்டியங்காரனையோ எடுக்கலாம் என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். கட்டியங்காரன் வடமாவட்டத் தெருக்கூத்துக்குரியவர். நம் பக்கம் ஸ்பெஷல் நாடகம்தான். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் ஒத்திகையில்லாமல், வெவ்வேறு ஊர் நடிகர்கள் மேடையிலேயே சந்தித்துக் கட்டுவது. இந்த ஆட்டத்துக்கு அதைவிட நெருங்கிய உறவு கிடையாது. ஆனால் அங்கே தர்க்கத்தைத் தாங்கி, தொய்ந்தால் சுருதி ஏற்றிக் கொடுப்பவர் ஆர்மோனியக்காரர். அவர் பெயரை இதற்கு வைக்க முடியாதே.

தேவிபட்டினத்திலிருந்து, புதன் மாலை

சொல் முடிவாகுமுன் விதிப்பகுதியில் ஒரு திருத்தம், அதுவும் சொல்லோடு தொடர்புடையதுதான். இருபது முகக் கட்டை இங்கே கடையில் கிடைப்பதில்லை என்பதால் தாயக்கட்டை இரண்டைக் கையேடு பயன்படுத்துகிறது. நல்ல முடிவு. வெறுமை, 1, 2, 3 என நான்கு முகம், இரண்டு கட்டையும் பதினாறு வகையில் விழலாம். 3 விழ நான்கு வழி. 2க்கும் 4க்கும் மும்மூன்று. தாயத்துக்கும் (அதாவது 1) 5க்கும் இரண்டிரண்டு. 6க்கு ஒன்று, இரண்டும் வெறுமையாய் விழும் பன்னிரண்டுக்கு ஒன்று.

இடைநிலைச் செயலுக்கு 3 அல்லது மேல் என்றால் 16க்கு 11. கடினமானதற்கு 5 அல்லது மேல் என்றால் 16க்கு 4. ஆற்றலைப் பயன்படுத்தினால் மறு உருட்டு ஒன்று, அப்போது கடினச் செயலும் 16க்கு 7 ஆகிறது, இடைநிலை நூற்றுக்குத் தொண்ணூறு ஆகிறது. இதற்குமேல் மறு உருட்டுக் கொடுத்தால் தோல்வியே இல்லாமல் போய் மேசை சோர்ந்துவிடும். ஓர் அமர்வுக்கு ஆளுக்கு இரண்டு முறை போதும்.

சிக்கல் தாயத்தில். விதிப்படி 1 என்பது ஆகக் குறைந்த எண், தோல்வி. ஆனால் தாயம் விழுந்தால் கை தட்டிக் கூவுவதுதான் நம் பிள்ளைகளின் பழக்கம், தாயம் போட்டால்தானே காய் கட்டத்துக்குள் இறங்கும். கூவிய வாய் மூடுமுன் 'தோற்றாய்' என்று சொல்வது கொடுமை. ஆகவே இப்படி மாற்றுங்கள்: தாயம் விழுந்தால் எண்ணிய காரியம் நடக்காது, ஆனால் எதிர்பாராத ஒரு வழி திறக்கும். கோட்டைக் கதவு திறக்கவில்லை, உள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது. அந்த வழியை அங்கேயே கண்டுபிடித்துக் கொடுப்பவர்தான் நாம் பெயர் தேடும் ஆள். தீர்ப்புச் சொல்வது அவர் வேலையில் பாதி. மீதிப் பாதி வழிகொடுப்பது. 'நடுவர்' என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் பதில்.

திருப்புல்லாணியிலிருந்து, புதன் இரவு

தாயத்துக்கு நீங்கள் கொடுத்த பொருள் சொல்லோடும் ஒட்டுகிறது. தாயம் என்றால் உரிமை வழி வருவது. புறநானூறு 75இல் 'பால்தர வந்த பழவிறல் தாயம்' என்கிறான் சோழன் நலங்கிள்ளி. ஊழ் தர வந்தது, உழைத்துப் பெற்றதன்று. கட்டை தருவதும் அதுவே. வழிகொடுப்பவர் என்று சொல்லிவிட்டீர்கள் தம்பி, அப்படியானால் நெறியாளரை விட நீகான்தானே நெருக்கம்?

தொண்டியிலிருந்து, வியாழன் இரவு

எண்ணிப் பார்த்ததில் நெறியாளர் ஐந்து, தண்டல் மூன்று, நீகான் ஒன்று. பாம்பன் அண்ணன் எதற்கும் வாக்களிக்கவில்லை. நெறியாளர் என்றே 61 இடத்திலும் மாற்றிவிட்டேன். நெறி என்றால் வழி என்பதால் திருப்புல்லாணி ஐயாவின் பொருள் முழுதும் போய்விடவில்லை. தாயத்தின் விதி 9ஆம் பக்கத்தில் தேவிபட்டினம் எழுதியபடியே சேர்ந்துவிட்டது. முன்னமர்வுக்கும் தனிப் பக்கம் ஒதுக்கியாயிற்று. மாதிரிக் காட்சியில் தோணி வரும் இடத்தில் சுக்கான் பிடிப்பவரைத் தண்டல் என்றே விட்டிருக்கிறேன், அங்கே அது அவர் தொழிற்பெயர்.

அட்டைக்கு ஒரு சொல் மட்டும் உறுதி செய்யுங்கள். சூப்பர் ஹீரோவுக்கு 'மாநாயகர்' என்று போட்டிருக்கிறது. காலை எட்டு மணிக்குக் கோப்பை அனுப்புகிறேன்.

திருப்புல்லாணியிலிருந்து, வியாழன் பின்னிரவு

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள் அம்மா, நெறியாளர் முனைவர் பட்ட ஆய்வுக்குரிய சொல். அது நிற்க, மாநாயகரை அனுப்பவேண்டாம். கண்ணகியின் தந்தை மாநாய்கன், சிலம்பு 'மாநாய்கன் குலக்கொம்பர்' என்கிறது. கடல்வணிகரைக் குறித்த அந்தச் சொல்லும் இதுவும் ஒரே எழுத்தில் உரசுகின்றன. அதுவும் கடற்கரைக் கதையின் அட்டையில். மீநாயகர் என்று போடலாம், மீயொலி, மீக்கணினி போல.

கீழக்கரையிலிருந்து, வெள்ளி அதிகாலை

மீநாயகர் என்றால் மீன் நாயகர் என்று படிப்பார்கள் ஐயா, நம் ஊரில் நிச்சயம் படிப்பார்கள். மாவீரர் என்றும் வேண்டாம், அது இலங்கைக் கரையில் வேறு பொருள் சுமக்கிறது. எட்டு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. பேராற்றலர்?