ஆளுங்கட்சித் தொடர்புள்ள நிறுவனத்துக்குக் கடனில் நண்டு அனுப்பலாமா?

வேதாளை வணிகர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்துக்கு மேற்கே வேதாளைப் பக்கம் பதினோரு ஆண்டுகளாக நண்டு கொள்முதல் செய்து, அவித்து, சதை பிரித்து, ஏற்றுமதி நிறுவனங்களுக்கு அனுப்பி வருகிறேன். பதினெட்டுப் பெண்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள். வடகடலிலும் தென்கடலிலும் நண்டு வலை போடும் பன்னிரண்டு நாட்டுப்படகுக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

தொண்டிப் பக்கம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கப்பட்ட ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம், இப்போது எனக்குக் கிடைப்பதைவிடக் கிலோவுக்கு 40 ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி, சரக்கு முழுவதையும் தங்களுக்கே தருமாறு கேட்கிறது. அதன் இயக்குநர்களில் ஒருவர், ஆளுங்கட்சியில் மாவட்ட அளவில் செல்வாக்குள்ள ஒருவரின் மருமகன். உண்மையான முதலாளி மாமனார்தான் என்று கடற்கரையில் பேசிக்கொள்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. பணம் 90 நாளில் வருமாம். அதற்குப் பின்தேதியிட்ட காசோலை கொடுப்பார்களாம். மாதத்தில் சில லோடுகளுக்கு மட்டும் வேறொரு நிறுவனத்தின் பெயரில் பில் போடவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

90 நாள் கடன் என்றால் ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். என் மொத்த முதலீடே அதைவிடச் சற்றுத்தான் அதிகம். அரசியல் தொடர்பு இருக்கிறது என்பதற்காகவே ஒரு நல்ல வாய்ப்பை விட்டுவிடவும் மனமில்லை. இதில் உள்ள ஆபத்தை எப்படி அளப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இராமநாதபுரம் கணக்காளர்:

ஐயா, முதலில் அந்த 90 நாள் தவணையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிறு, குறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்குபவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம் கூறுகிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தரவேண்டும். அத்துடன், இந்தக் காலக்கெடுவைத் தாண்டிய பாக்கியை, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டு வரும்வரை செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்ற வருமான வரி விதியும் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே 45 நாள் கேட்பது சலுகை கேட்பதாகாது. ஆனால் உங்கள் உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, வணிகம் என்ற வகையில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நீங்கள் நண்டை அவித்துச் சதை பிரிக்கிறீர்கள், அது பதப்படுத்தும் தொழில். பதிவு அவ்வாறே இருக்கிறதா என்பதை முதல் லோடு ஏற்றுவதற்கு முன்பே சரிபாருங்கள்.

அடுத்து, கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் இயக்குநர்கள் யார், அவர்கள் வேறு எந்தெந்த நிறுவனங்களில் இருக்கிறார்கள், சொத்துகளின் மேல் எந்த வங்கியின் அடமானம் பதிவாகியுள்ளது என்பதையெல்லாம் பார்க்கலாம். சிறு கட்டணம் செலுத்தினால் இருப்புநிலைக் குறிப்பும் கிடைக்கும். நான் முதலில் தேடுவது, அவர்களுடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். வெளிநாட்டு வாங்குநரிடமிருந்து வருகிறதா, அல்லது அரசு ஒப்பந்தங்களிலிருந்தும் உறவு நிறுவனங்களின் கைமாற்றிலிருந்தும் வருகிறதா என்பது தெரிந்தால், செல்வாக்கு போன மறுநாள் அந்த நிறுவனத்தில் என்ன மிஞ்சும் என்பதும் தெரியும். ஒருவர் ஒரு நிறுவனத்தில் மறைமுகமாக 10 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் 90ஆம் பிரிவும் அதன் கீழுள்ள விதிகளும் சொல்கின்றன. மாமனார்தான் முதலாளி என்ற பேச்சு உண்மையாக இருந்து, அப்படி எந்த அறிவிப்பும் இல்லையென்றால், அந்த மௌனத்தையே நீங்கள் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாமனார் எப்போதாவது தேர்தலில் நின்றிருந்தால் அவருடைய பிரமாணப் பத்திரமும் பொதுவில் கிடைக்கும். ஆனால் அதில் வேட்பாளர், அவருடைய துணை, அவரைச் சார்ந்திருப்பவர்கள் ஆகியோரின் சொத்துகள்தான் வரும்; மணமாகித் தனிக்குடும்பமாக வாழும் மகளுடையதோ மருமகனுடையதோ வராது. எனவே அதில் ஒன்றும் இல்லையே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

கீழக்கரை வணிகர்:

தம்பி, என் அனுபவத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், இதே போலச் செல்வாக்குள்ள ஒரு நிறுவனத்துக்குக் கணவாயும் நண்டும் அனுப்பினேன். முதல் ஒன்றரை ஆண்டு பணம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. நான் ஏமாந்ததே அங்கேதான். ஒழுங்காக வந்த பணத்தைப் பார்த்து, கடனின் அளவை நானே மூன்று மடங்காக உயர்த்திக்கொண்டேன்.

பிறகு ஆட்சி மாறியது. அந்த நிறுவனத்தார் பணம் இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. காசோலை திரும்பி வந்த அன்றே, அவர்கள் தரப்பில் எல்லோரும் மதிக்கும் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இரண்டு வாரம் பொறுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் முகத்துக்காகப் பொறுத்தேன். வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால்தான் காசோலை வழக்கு நிற்கும். நோட்டீஸ் கிடைத்து 15 நாள் கழிந்தும் பணம் வரவில்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றம் போகவேண்டும். காசோலையின் ஆயுளான மூன்று மாதத்துக்குள் அதை மறுபடி வங்கியில் போட்டுப் பார்க்கும் வழியும் இருந்தது. இவை எல்லாவற்றையும் பொறுத்துப் பொறுத்தே தவறவிட்டேன். பணத்தில் பாதிதான் வந்தது, அதுவும் நான்கு ஆண்டுகள் கழித்து.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். 1996, 2001, 2006, 2011, 2021 ஆகிய ஐந்து முறையும் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது மே மாதத்தில்தான். நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு அப்போதும் போகும் என்றாலும், கரையில் கைமாற்றுக் கிடைப்பது குறைந்துவிடும். கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் கேட்பார்கள். தேர்தல் ஆண்டில் பிப்ரவரியிலிருந்து நீங்கள் அனுப்பும் சரக்குக்கு 90 நாள் தவணை முடியும் காலம் எதுவென்று நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். செல்வாக்கு விலகும் மாதமும் கை வறண்ட மாதமும் ஒன்றாக வந்து நிற்கும்.

பாம்பன் படகு உரிமையாளர்:

இவ்வளவு அஞ்சினால் இந்தக் கரையில் யாருக்குத்தான் சரக்குக் கொடுப்பது? ஐஸ் பேக்டரி முதல் லாரி வரை ஏதோ ஒரு கட்சிக்காரரின் உறவுக்காரர்தான் நடத்துகிறார். உறவு இருப்பது வேறு, உறவை வைத்துத் தொழில் நடத்துவது வேறு. கிலோவுக்கு 40 ரூபாய் கூடினால் அதில் ஒரு பங்கு எங்களைப் போன்ற படகுக்காரர்களுக்கும் வரும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இராமநாதபுரம் வழக்கறிஞர்:

பாம்பன் நண்பர் சொல்லும் வேறுபாடு சரியானது. அதை எப்படிக் கண்டறிவது என்பதுதான் இங்குள்ள சிக்கல். அந்த நிறுவனம் வைத்திருக்கும் அனுமதிகளைப் பார்த்து அறியலாம் என்பது என் கருத்து. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, கட்டடம் கரையோர ஒழுங்குமுறை மண்டலத்தில், அதாவது கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடுள்ள கடலோரப் பகுதியில், வருகிறதா என்ற விவரம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் நிறுவனம் இவற்றை ஒரே நாளில் தந்துவிடும். கேட்டதற்கே கோபப்பட்டால், அல்லது அதெல்லாம் மேலே பேசியாகிவிட்டது என்றால், அந்தத் தொழில் தாளின் மேல் நிற்கவில்லை, ஆளின் மேல் நிற்கிறது என்று பொருள்.

ஆளின் மேல் நிற்பது எப்போது வேண்டுமானாலும் விழலாம். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ஒரே தீர்ப்பில் இரத்து செய்தது. 2014இல் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகள் போயின. அவ்வளவு தொலைவு போகவேண்டாம். 1996 டிசம்பர் 11 அன்று, கரையோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதை நம் கடற்கரை மறந்திருக்காது. இதன் பின் 2005இல் இத்தகைய கடலோரப் பண்ணைகளுக்கெனத் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது. இப்படி ஒரு நிறுவனத்தின் உரிமம் இரத்தாகும்போது, அதற்குச் சரக்குக் கொடுத்தவர் எந்தத் தவறும் செய்யாதவராக இருந்தாலும் அவருடைய பாக்கியும் அதோடு முடங்கிவிடும். திவால் சட்டத்தின் வழியே போகலாம் என்றால், 2020 மார்ச் முதல் குறைந்தது ஒரு கோடி ரூபாய் பாக்கி இருந்தால்தான் மனுச் செய்யவே முடியும். வேறொருவர் மனுச் செய்து நிறுவனம் கலைக்கப்பட்டாலும், அடமானம் வைத்திருக்கும் வங்கிக்கும் தொழிலாளர்களுக்கும் பிறகுதான் சரக்குக் கொடுத்தவர்கள்.

வேறு பெயரில் பில் போடச் சொன்னதைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன். சரக்கு ஒருவருக்கும் பில் இன்னொருவருக்கும் போனால், பணம் வராதபோது நீங்கள் யார் மேல் வழக்குப் போடுவீர்கள்? நாளை அந்தப் பணத்தின் மூலத்தை அமலாக்கத் துறை விசாரித்தால், பொய்யான பில்லில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தான். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளி ஆகிறார். ஆகவே அந்த வேறு பெயரின் வழியாக யாருக்குப் பணம் போகிறது என்பது தெரியாமல் அதில் கை வைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பேரம் பேசலாம். இதை மட்டும் பேரத்தில் சேர்க்காதீர்கள்.

வேதாளை வணிகர்:

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. கணக்காளர் ஐயா சொன்னபடி பார்த்தேன். என் உத்யம் பதிவு வணிகம் என்றுதான் இருந்தது, நேற்றே திருத்த மனுக் கொடுத்துவிட்டேன். அடமானப் பதிவைத் தேடியபோது, அந்த நிறுவனத்தின் குளிர்பதனக் கிடங்கு முழுவதும் ஒரு வங்கியிடம் இருப்பது தெரிந்தது. கீழக்கரை அண்ணன் சொன்ன நாட்காட்டிக் கணக்கை என் மனைவியிடம் காட்டினேன். படகுக்காரர்களின் முன்பணத்தை வைத்து இதில் இறங்கவேண்டாம் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

அவர்களுக்கு இன்று எழுதி அனுப்பியது இதுதான்: சரக்கில் நான்கில் ஒரு பங்கு மட்டும் தருகிறேன், ஒரு வாரச் சரக்கின் பணம் வங்கியில் வந்த பிறகே அடுத்த வார லோடு ஏறும், பில் உங்கள் நிறுவனத்தின் பெயரில் மட்டுமே, அனுமதிகளின் நகல்கள் முதல் லோடுக்கு முன் வேண்டும். விலையில் 40 ரூபாய்க்குப் பதிலாக 15 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் போதும் என்றும் சேர்த்திருக்கிறேன். மருமகன் படித்துவிட்டார், மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் வந்திருக்கிறது.

இராமநாதபுரம் வழக்கறிஞர்:

அந்தப் பதிலை அழித்துவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள். மாமாவிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள் என்பதை அவர்களே எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.