புல்லட் ஸ்விங்ஆர்ம் புஷ்: வெளி ஸ்லீவ் வர மாட்டேன் என்கிறது

குன்னூர் புல்லட்:
அப்பா ஓட்டிய பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350. பர்லியார் இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவில் சாய்த்தால் பின்சக்கரம் தனியாக நெளிகிறது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு வீலைப் பக்கவாட்டில் அசைத்தால் 'டக் டக்' சத்தம். ஸ்விங்ஆர்மைக் (பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் பாகம்) கழற்றினால், அது ஃபிரேமோடு சேரும் இடத்திலுள்ள சைலன்ட் பிளாக் புஷ்ஷின் (இரண்டு இரும்பு ஸ்லீவுக்கு நடுவே ரப்பர் வைத்தது) ரப்பர் பொடிப்பொடியாக உதிர்கிறது. உள் ஸ்லீவ் கையோடு வந்துவிட்டது. வெளி ஸ்லீவ் ஆர்மோடு துருவேறி ஒட்டிக்கொண்டது. நம்ம ஊர் மழையும் மூடுபனியும் சும்மா விடுமா? கேஸ் வைத்துக் காய்ச்சி, சம்மட்டியால் அடிக்கலாம் என்கிறார் மெக்கானிக். அடிக்கலாமா?

கோத்தகிரிக்காரன்:
சம்மட்டி வேண்டாம் தம்பி. ஆர்மின் வாய் கோணினால் புது புஷ் நேராக உட்காராது. ஹேக்சா பிளேடைக் கழற்றி, அந்த ஸ்லீவுக்குள் விட்டு, மறுபடி சட்டத்தில் மாட்டி ஸ்லீவை நீளவாக்கில் அறுங்கள். ஆர்மைத் தொடும் முன்பே நிறுத்தணும். அப்புறம் விளிம்பில் உளி கொடுத்து உள்பக்கமாக மடக்கினால் பிடி விட்டுவிடும்.

மேட்டுப்பாளையம் லேத்:
எதுக்கு ரப்பர்? கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் கடைந்து போடுங்க, ஆயுசுக்கும் ஆட்டம் வராது.

கோத்தகிரிக்காரன்:
கன்மெட்டலுக்குக் கிரீஸ் போகணுமே அண்ணே. அதற்கு வழியில்லாத ஆர்மில் போட்டால் தண்ணீர் இறங்கி ஷாஃப்டும் சேர்ந்து தேயும்.

குன்னூர் புல்லட்:
அறுத்ததும் வந்துவிட்டது அண்ணா! எமரி தாள் போட்டுத் துருவையும் எடுத்துவிட்டேன். புதுசை எப்படி ஏற்றுவது?

கோத்தகிரிக்காரன்:
தட்டாதீர்கள், இழுங்கள். நீளமான போல்ட், ஒரு பக்கம் வெளி ஸ்லீவின் விளிம்பில் மட்டும் உட்காரும் சாக்கெட், மறுபக்கம் ஆர்மின் வாயில் முட்டும் குழாய்த்துண்டு. நட்டை முறுக்க முறுக்க ஏறும். ரப்பரிலோ உள் ஸ்லீவிலோ அழுத்தம் விழக்கூடாது.

முக்கியமானது இதற்குப் பிறகுதான். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு பிவட் நட்டை (ஆர்மை ஃபிரேமோடு பிடிக்கும் நட்) இறுக்கிவிடாதீர்கள். நட் இறுகினால் உள் ஸ்லீவ் ஃபிரேமோடு நின்றுவிடும். ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால், ஆள் ஏறி உட்கார்ந்ததுமே ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். ரெண்டு வீலும் தரையில், சீட்டில் ஆள் இருக்கும்போது இறுக்குங்கள். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். கடைசியில் செயின் தளர்வையும் வீல் அலைன்மென்ட்டையும் பாருங்கள்.

குன்னூர் புல்லட்:
கீழ்வீட்டு மாமாவை ஏற்றி உட்காரவைத்து இறுக்கியாச்சு. நெளிவு போச்சு, நன்றி அண்ணா. இப்போது பின் பிரேக் கீச்சென்கிறது. அதைத் தனியாகக் கேட்கிறேன்.