மானிட்டரைப் பார்க்காமல் தோல் வழியாகவே சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) தெரியவைக்க முடியுமா?

மின்மினி: வணக்கம். பயோமெடிக்கல் கடைசி வருடம். மயக்க மருந்து கொடுப்பவருக்காக மணிக்கட்டில் அதிர்வுப் பட்டை செய்கிறோம். ஒரே மோட்டார், ஆக்ஸிஜன் குறையக் குறைய அதிர்வு பலமாகும். லேபில் உட்கார்ந்து சோதித்தால் நன்றாகவே புரிகிறது. ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

தியேட்டர்வாசி: மயக்கவியல்தான் என் பிழைப்பு. மணிக்கட்டு வேண்டவே வேண்டாம். கை கழுவி கிளவுஸ் போட்டு சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய்) போடும்போது முழங்கைக்குக் கீழே எதையும் கட்டியிருக்க முடியாது. மேல்கைக்கு ஏற்றிவிடுங்கள்.

எங்களுக்கு ஏற்கெனவே பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் பீப் இருக்கிறது. துடிப்புக்கு ஒன்று, சாச்சுரேஷன் இறங்கினால் சுருதியும் இறங்கும். லாரிங்கோஸ்கோப்பைப் (தொண்டைக்குள் பார்க்கும் கருவி) பிடித்துக் குரல்வளையைத் தேடும்போது கண்ணை எடுக்க முடியாது, காதை நம்பித்தான் மூச்சு டியூப் போடுகிறோம். சிக்கல் என்னவென்றால், இறங்குகிறது என்று தெரியும். 94 சதவீதமா 90-ஆ என்று காது சொல்லாது. பக்கத்தில் எச்சில், சளியை உறிஞ்சும் சக்‌ஷன் ஓடினால் அதுவும் போச்சு. உங்கள் பட்டைக்கு வேலை அங்கேதான். துடிப்புக்குத் துடிப்பு அதிரவைத்தால் தோலுக்குப் பழகிவிடும். போட்டிருக்கும் சட்டை நமக்கு நாள் முழுக்கவா உறைக்கிறது? மாறும்போது மட்டும் அதிரட்டும்.

சாலிடர்புகை: பட்டன் மோட்டாரில் (பட்டன் அளவுள்ள குட்டி அதிர்வு மோட்டார்) வேகமும் பலமும் சேர்ந்தேதான் ஏறும், பிரிக்க முடியாது. பலத்தை விட்டுவிட்டு இடத்தை மாற்றிச் சொல்லுங்கள். விரல்நுனியில் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய 2-3 மி.மீ. இடைவெளி போதும், மேல்கையிலோ சுமார் 4 செ.மீ. வேண்டும். நெருக்கி வைத்தால் எல்லாம் ஒரே இடமாகத்தான் தெரியும். அதிர்வெண் 250 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால் தோல் நன்றாகப் பிடிக்கும்.

மின்மினி: அப்படியானால் மூன்று மோட்டார், மேலிருந்து கீழே ஓடினால் இறங்குகிறது என்று வைக்கலாமா டாக்டர்? பிபியும் சேர்க்க ஆசை.

தியேட்டர்வாசி: ஓட்டம் நல்ல யோசனை, திரும்ப ஏறும்போது கீழிருந்து மேலே. பிபி ஆசையை இப்போதைக்கு மூட்டை கட்டுங்கள். அடுத்த சோதனையில் ஆம்பு பையை (நோயாளிக்குக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) அழுத்திக்கொண்டே உணரச் சொல்லுங்கள். அசைகிற கையில் உணர்வு மங்கும்.

சாலிடர்புகை: ஒன்று விட்டுப்போச்சு. மாறும்போது மட்டும் அதிரும் என்றால், நோயாளி நன்றாக இருந்தாலும் பட்டை அமைதி, பேட்டரி தீர்ந்தாலும் அமைதி. இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

தியேட்டர்வாசி: அதனால்தான் பீப்பை மியூட் பண்ண நான் விடமாட்டேன். பட்டை செத்தால் மானிட்டர் கத்த வேண்டும். அந்த ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டு வாருங்கள்.