கலைச்சொல் வேண்டும்: நூடிபிராங்க், கடலடிப் படக் கையேட்டுக்கு

மயிலாடுதுறையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கடலடிப் படத்தைப் பார்த்து உயிரினத்தை இனங்காண எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். பூம்புகார், தரங்கம்பாடிப் பக்கம் தண்ணீர் கலங்கல் என்பதால் படங்கள் மன்னார் வளைகுடாவில் எடுத்தவை. நத்தை இனத்தைச் சேர்ந்த, ஓடில்லாத கடலுயிரான நூடிபிராங்குக்குத்தான் பெயர் அகப்படவில்லை. 'கடல் அட்டை' என்று போட முடியாது. அது நட்சத்திரமீன் போன்ற முள்தோலி வகை, வேறு உயிர். 2001-இல் அதைப் பிடிக்கத் தடை வந்தது மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

கும்பகோணத்திலிருந்து:

மூலச்சொல்லே வழி காட்டுகிறது: லத்தீனில் அம்மணம், கிரேக்கத்தில் செவுள். 'வெளிச்செவுளி' என்போம். இல்லையேல் நத்தைக்கும் சங்குக்கும் வழங்கிய பழஞ்சொல் நந்து இருக்கவே இருக்கிறது. "நந்தும் முரளும் ஈரறிவினவே" என்பது தொல்காப்பிய மரபியல்; தொடுதலும் சுவையும் அந்த ஈரறிவு, மோப்பம் மூன்றாவது. நந்து, நத்து, நத்தை என்று வந்த சொல். 'நத்தம்போல் கேடும்' என்ற குறளில் பரிமேலழகரும் நந்து என்பதிலிருந்தே நத்தத்தை வருவிக்கிறார். அங்கே பொருள் ஆக்கம். நந்துதலுக்குக் கெடுதல் என்றும் பொருள் உண்டே! சங்கின் புரியைப் பாருங்கள்: ஒரு பக்கம் பார்த்தால் வளர்கிறது, மறுபக்கம் பார்த்தால் தேய்கிறது. இரு பொருளும் அங்கிருந்தே பிறந்தன என்பது என் துணிபு. ஆகவே 'ஓடிலிநந்து'.

நாகப்பட்டினத்திலிருந்து:

ஐயா, வெளிச்செவுளி என்றால் பிள்ளைகள் படத்தில் செவுளைத்தான் தேடுவார்கள். டோரிட் வகையில் முதுகின் பின்புறம் பூப்போலச் செவுள் வளையம் இருக்கும். ஆனால் பலவும் சீண்டினால் அதைப் பைக்குள் இழுத்துக்கொள்ளும். ஃபில்லிடியா என்ற வகைக்குச் செவுள் உடலோரத்தின் அடியில். மேலிருந்து எடுத்த படத்தில் தெரியவே தெரியாது. ஏயோலிட் வகைக்குச் செவுளே கிடையாது. முதுகு நிறைய விரல் விரலாக நீட்சிகள். செரிமானச் சுரப்பியின் கிளை ஒவ்வொன்றுக்குள்ளும் போகும். தின்ற இரையின் கொட்டும் நுண்ணுறுப்புகளைப் பலவும் அதன் நுனியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். இதை 'முதுகுவிரல்' என்று சொல்லலாம்.

நிறத்தை மட்டும் நம்பி இனங்காணக் கூடாது என்று தயவுசெய்து கையேட்டில் எழுதுங்கள். ஒரே இனத்தில் நிறம் மாறும். சில தட்டைப்புழுக்கள் இவற்றைப் போலவே வேடமிடும். தலையில் உள்ள இரட்டைக் கொம்பு வழவழப்பா, மடிப்பு மடிப்பாகவா, எந்தக் கடற்பஞ்சின் மேல் இருந்தது, பக்கவாட்டுப் படம் உண்டா என்று பார்க்க வேண்டும். அந்தக் கொம்பு நீரில் கரைந்த வாசனையை அறியும் உறுப்பு. 'உணர்கொம்பு' பூச்சிகளுக்கு வழங்கிவிட்டது. 'மோப்பக்கொம்பு' சரியாக இருக்கும். அப்புறம், மோப்பம் உண்டென்றால் மரபியல் கணக்கில் நந்து எறும்போடு மூவறிவில் அல்லவா சேரும்?

திருவாரூரிலிருந்து:

இளவுயிரில் ஓடு இருந்து, உருமாறும்போது கழன்றுவிடுகிறது. 'ஓடிலி' என்றால் இந்தச் செய்தி போய்விடுகிறது. 'ஓடுதுறவி' என்போமே.

நாகப்பட்டினத்திலிருந்து:

அழகான சொல், அம்மா. ஆனால் எங்கள் பக்கம் ஓடும் துறவியும் சேர்ந்தால் திருவோடுதான் நினைவுக்கு வரும்.

மயிலாடுதுறையிலிருந்து:

வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். நந்து என்றதும் "நண்டா சார்?" என்றார்கள். 'ஓடில்லாக் கடல் நத்தை' உடனே புரிந்தது. பெரும்பாலோர் ஒப்புவதால் அதையே போடுகிறேன். மோப்பக்கொம்பும் முதுகுவிரலும் அப்படியே சேர்கின்றன. அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள்.

கும்பகோணத்திலிருந்து:

நண்டையும் நந்தையும் பிரித்துச் சொல்லித்தரத்தானே தமிழாசிரியர் இருக்கிறார்? மூன்று சொல் கோத்தது விளக்கம், பெயர் ஆகாது. மூவறிவு பற்றிய கேள்விக்கு உரைகளைப் பார்த்துவிட்டுத் தனியே எழுதுகிறேன். 'ஓடிலிநந்து' அடைப்புக்குறிக்குள்ளாவது வரட்டும்.