மறு: கட்டளைவரிக் கருவிகளுக்கு ‘வடிகட்டி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் கட்டளைவரிக் கையேட்டில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் முறைதான் கட்டளைவரி) ஃபில்டர் என்பதற்கு எந்தச் சொல்லை எழுதுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ஃபில்டர் என்றால் வடிகட்டி. விரிதாளில் ஏற்கெனவே அப்படித்தான் எழுதுகிறோம். கட்டளைவரிக்கு மட்டும் புதுச்சொல் எதற்கு?

இரண்டும் ஒரே வேலை இல்லை என்பதால்தான். விரிதாளில் வடிகட்டி போட்டால், நிபந்தனைக்குப் பொருந்தாத வரிசைகள் மறையும். மறையும், அவ்வளவே. கோப்பில் அவை அப்படியே இருக்கும். சாதாரணக் கூட்டல் சூத்திரம் அவற்றையும் சேர்த்துத்தான் கூட்டும். (மறைந்ததை விட்டுவிட்டுக் கூட்ட வேண்டுமானால் சப்டோட்டல் என்ற சார்பைத் தேடிப் போக வேண்டும். இது தெரியாமல் தப்பான கூட்டுத்தொகையோடு போன அறிக்கைகள் எத்தனையோ!) எப்படியானாலும், வேண்டாததை ஒதுக்குவது என்ற பொருளில் வடிகட்டி அங்கே சரியாகவே உட்காருகிறது.

யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் பழகியவர்கள் ஃபில்டர் என்பது வேறு. உள்ளே வருவதை வாங்கி, அதில் ஏதாவது செய்து, வெளியே தருகிற எந்தச் சிறு நிரலுக்கும் அந்தப் பெயர்தான். வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட்டுக்குள் நூறு வரி போனால் நூறு வரிதான் வெளியே வரும். அது எதை வடிகட்டியது? வரிகளை எண்ணச் சொன்னால் டபிள்யூசி ஆயிரம் வரியை ஒரே எண்ணாக்கிவிடும். ஆக் என்ற நிரல் ஒரு வரியில் இருக்கிற புலங்களை (பிரிகுறிகளுக்கு இடைப்பட்ட துண்டுகளை) வைத்துக் கணக்குப் போட்டு, புதிதாக ஒரு புலத்தை ஒட்டிக்கூடக் கொடுக்கும். பெயருக்கேற்ற வேலை செய்வது, கேட்ட சொல் உள்ள வரிகளை மட்டும் தரும் கிரெப்பைப் போலச் சிலதான்.

கையேட்டில் இருக்கிற எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். நூலக இரவல் பதிவேடு, காற்புள்ளியால் பிரித்த கோப்பு, இரண்டு லட்சம் வரி. எந்த வகை நூல் அதிகம் வெளியே போகிறது? ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குள் அனுப்பும் ‘குழாய்’க் குறியால் (|) ஐந்து கட்டளைகளை இணைக்கிறோம்:

கட் | சார்ட் | யூனிக் | சார்ட் | ஹெட்

கட், நூல் வகை இருக்கும் மூன்றாம் புலத்தை மட்டும் வெட்டித் தருகிறது. முதல் சார்ட் ஒரே வகையை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவருகிறது. இதைச் செய்யாமல் முடியாது. யூனிக் அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரி வரிகளைத்தான் ஒன்றாக்கும், தள்ளி நின்றால் கண்டுகொள்ளாது. எண்ணிக்கை கேட்டு யூனிக்கை ஓட்டினால் ஒவ்வொரு வகைக்கும் முன்னால் ஓர் எண் வரும். இரண்டாவது சார்ட் அந்த எண்ணை வைத்து இறங்குவரிசையில் அடுக்கும். ஹெட் முதல் பத்தைக் காட்டி நிறுத்திவிடும். இந்த ஐந்தையும் ‘வடிகட்டிகள்’ என்று எழுதிவிட்டு, புதிதாகப் படிக்கிறவர் “சார்ட் எந்த வரியை நீக்கும்?” என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

‘குழாய்’ விஷயத்தில் இந்தச் சிக்கலே இல்லை. பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964இல் எழுதிய குறிப்பிலேயே, தோட்டத்துக் குழாய்த் துண்டுகளைத் திருகி இணைப்பதுபோல நிரல்களை இணைக்க வழி வேண்டும் என்று கேட்டார். 1973இல், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் அதை யூனிக்ஸில் செய்து கொடுத்தார். உருவகம் மூலத்திலேயே இருப்பதால் குழாய், குழாய்த்தொடர் இரண்டும் அப்படியே நிற்கட்டும்.

இனி, இதுவரை வந்த பரிந்துரைகள். ‘வடிப்பி’யில் வடிகட்டியின் சிக்கல் அத்தனையும் உண்டு. ‘மடை’ அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்புவதற்கு ‘மடைமாற்று’ என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம், இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பும். ‘ஊடுகருவி’ இலக்கணப்படி நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஊடுருவலை நினைவூட்டுகிறது. கணினிக் கையேட்டில் அந்த வாடை வேண்டாம்.

என் ஓட்டு ‘இடைக்கருவி’க்கு. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “சார்ட் ஓர் இடைக்கருவி”, “இந்த நிரலை இடைக்கருவியாகவும் இயக்கலாம்”. இடறவில்லை.

> கடைசியில் நிற்கும் ஹெட் எப்படி இடைக்கருவி ஆகும்?

கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று அதற்குக் கட்டாயம் இல்லையே. அதற்குப் பின்னாலும் ஒரு குழாயைச் செருகலாம். எந்த இடத்திலும் நடுவில் நிற்க முடியும் என்ற தகுதியைத்தான் சொல் குறிக்கிறது. வரிகளைத் தேர்ந்தெடுக்கும் செயலுக்கு மட்டும், அதாவது கிரெப்புக்கும் நிபந்தனை வைத்து ஓட்டும் ஆக்குக்கும், ‘வடிகட்டு’ என்ற வினை இருக்கட்டும். அப்போது “கிரெப் என்ற இடைக்கருவி வரிகளை வடிகட்டும்” என்று எழுத முடியும். மூலத்தில் ஒரே சொல்லால் சொல்வதை நாம் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறோம், கூடுதல் வசதிதான்.

‘நிரல்’ பற்றியும் ஒரு வார்த்தை. பாடநூலில் அது அட்டவணையின் செங்குத்து வரிசை, நமக்கோ அது புரோகிராம். “இந்த நிரல் மூன்றாம் நிரலை வெட்டும்” என்று ஒரு வரி வரைவில் உண்மையாகவே இருக்கிறது! கட்டளைவரிப் பகுதிகளில் எல்லாம் ‘புலம்’ என்றே போடலாம். கட் கட்டங்களைப் பார்ப்பதில்லை, ஒரு வரியையும் அதில் வரும் பிரிகுறிகளையும்தான் பார்க்கிறது. மேற்கோளுக்குள் இருக்கும் காற்புள்ளியிலும் அது வெட்டிவிடுவது அதனால்தான். ஆக்கும் 2023 வரை அப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டுதான், காற்புள்ளிக் கோப்பை மேற்கோளையும் பார்த்துப் பிரிக்கும் சிஎஸ்வி தெரிவு அதற்கு வந்தது.

அப்புறம், சார்ட் பகுதியில் ‘அகரவரிசை’ என்று எழுதியிருப்பதை மாற்ற வேண்டும். மொழியமைவு (எந்த மொழியின் வழக்கப்படி அடுக்குவது என்று சொல்லும் அமைப்பு) ‘சி’ என்று இருந்தால், சார்ட் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள யூனிகோட் எண்ணை வைத்துத்தான் அடுக்கும். அதில் ந-வுக்கு அடுத்தது ன, ர-வுக்கு அடுத்தது ற; ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் போய்விடும். அதை அகரவரிசை என்றால் எந்தத் தமிழ் வாசகரும் சண்டைக்கு வருவார். ‘குறியெண் வரிசை’ என்று போடலாமா?

இந்த வார இறுதிக்குள் மறுப்பு வராவிட்டால் இடைக்கருவி, புலம் இரண்டையும் வரைவில் மாற்றிவிடுகிறேன். ‘பிரிகுறி’யா ‘பிரிப்பி’யா என்பதற்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே வாருங்கள்.