எலெக்டிவ் பயிற்சிக்கு வந்த இடத்தில் பண்ணைக்குள் வர வேண்டாம் என்கிறார்கள், என்ன செய்வது?

பாலக்கோட்டு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வெளிநாடு சென்றவர்கள் பலர் இங்கு இருப்பதால் நம்பிக்கையோடு எழுதுகிறேன். நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். மந்தை நலம், உற்பத்தி மருத்துவம் ஆகியவற்றில் எலெக்டிவ் பயிற்சி (விரும்பிய பிரிவில் மாணவர் தாமே தேர்ந்தெடுத்துப் பெறும் பயிற்சி) பெறுவதற்காக முந்தாநாள் வந்து சேர்ந்தேன். திங்கட்கிழமை பயிற்சி தொடங்க வேண்டும். ஆனால் நேற்று மாலை ஒரு படிவம் வந்தது. கடைசியாக எந்த நாளில், எந்த நாட்டில் கால்நடைகளைத் தொட்டீர்கள் என்று அதில் கேட்டிருந்தார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் எங்கள் ஊரில் நடந்த கோமாரித் தடுப்பூசி முகாமில் மாடுகளைப் பிடித்துக் கொடுத்ததை உள்ளபடியே எழுதி அனுப்பினேன். மறு அறிவிப்பு வரும் வரை எந்தப் பண்ணைக்கும் வர வேண்டாம் என்று உடனே பதில் வந்துவிட்டது.

எனக்குக் கிடைத்திருப்பதே சில வாரங்கள்தான். அப்பா சீட்டுப் பணத்தை எடுத்து அனுப்பியிருக்கிறார். பயிற்சிப் பதிவேட்டில் கையொப்பம் இல்லாமல் திரும்பினால் கல்லூரியில் என்ன சொல்வேன்? வேறு இடம் தேடலாமா, திரும்பி வந்துவிடலாமா? தயவு செய்து யாராவது வழி சொல்லுங்கள்.

மத்திகிரி, இப்போது ஆஸ்திரேலியா:

தங்கைக்கு வணக்கம். முதலில் கியூ காய்ச்சல் (மாடு, ஆடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்) தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா என்பதைச் சொல்லுங்கள். இங்கே அதற்கான சான்று இல்லாமல் எந்தக் கால்நடை மருத்துவ மாணவரையும் மாடு, ஆடு, கன்று ஈன்ற தொழுவம் ஆகியவற்றின் அருகே விட மாட்டார்கள். அந்த ஊசியைக் கேட்டவுடன் போட்டுக்கொள்ளவும் முடியாது. முதலில் இரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் செய்து, ஏழாம் நாள் தோலைப் பார்த்து, முன்பே அந்தக் கிருமியோடு தொடர்பு ஏற்பட்டிருக்கவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் போடுவார்கள். என் தம்பி இது தெரியாமல் வந்து, பயிற்சியின் தொடக்கத்தையே இழந்தான். இன்றே மருத்துவரிடம் நேரம் கேளுங்கள்.

அரூர், இப்போது கனடா:

தங்கையே, கலங்க வேண்டாம். நான் சாஸ்கச்சுவானுக்கு வந்த முதல் பனிக்காலத்தை நினைத்தால் இன்றும் கை விறைக்கிறது. வெப்பநிலை மைனஸ் 40 வரை இறங்கும் ஊரில், கன்று ஈனும் பருவத்தில், இரவு முழுவதும் கொட்டகையில் நின்றேன். ஈரத்தோடு பிறந்த கன்றின் காதுகள் உறைந்துவிடாமல் துடைத்துக் காய வைக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்திருக்கும் இந்த ஓய்வு நாள்களில் நல்ல உள்ளாடைகளும், விரல்களை அசைக்க இடம் தரும் கையுறைகளும் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கு வெறிநோய்த் தடுப்பூசியும் கேட்பார்கள். கியூ காய்ச்சல் ஊசியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

காவேரிப்பட்டணம்:

உண்மையை எழுதியதால்தான் இவ்வளவு தொல்லை. அந்தக் கேள்விக்குக் கல்லூரி ஆய்வகத்தில் மட்டும் இருந்தேன் என்று எழுதியிருக்கலாம். இப்போதும் வேறொரு மருத்துவமனையை அணுகி, இந்தப் பேச்சையே எடுக்காமல் சேர்ந்துகொள்ளலாம். அதுவரை ஏதாவது ஒரு பண்ணையில் பால் கறக்கும் வேலைக்குப் போனால் கைச்செலவுக்கும் ஆகும், அனுபவமும் கிடைக்கும்.

ஊத்தங்கரை, இப்போது இங்கிலாந்து:

மேலே உள்ள ஆலோசனையில் ஒரு வரியைக்கூடப் பின்பற்றாதீர்கள், தங்கையே. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எசெக்ஸ் பகுதியிலுள்ள ஓர் இறைச்சிக்கூடத்தில் கோமாரி கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் 2,026 இடங்களில் நோய் உறுதியாகி, ஆறு மில்லியனுக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நான் வேலை செய்யும் வட்டாரத்தில், தம் மந்தை முழுவதையும் ஒரே நாளில் இழந்த வயதான விவசாயிகள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கிறது. 2025 ஜனவரியில் ஜெர்மனியிலும், மார்ச்சில் ஹங்கேரி, ஸ்லோவாக்கியா நாடுகளிலும் அந்நோய் மறுபடி வந்ததிலிருந்து அச்சம் இன்னும் கூடியிருக்கிறது. நம் ஊரில் கோமாரி வந்த மாட்டுக்கு வாயில் தேன் தடவி, குளம்பைக் கழுவிப் பிழைக்க வைக்கிறோம். இந்நாட்டில் அதே நோய் ஒரு மாட்டுக்கு வந்தால் மந்தையே அழிக்கப்படும். இந்த வேறுபாட்டை அறிந்து உண்மையை எழுதிய மாணவியைப் பொய் சொல்லத் தூண்டுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பென்னாகரம்:

இவ்வளவு கெடுபிடி செய்யும் இவர்களேதான் என் அம்மா காய்ச்சிக் கொடுத்த நெய்யையும் பால்கோவாவையும் விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் வாடகைக்கு வீடு கேட்டு அலைந்ததும், ராகி மாவு கிடைக்காமல் களி கிண்டாமல் கிடந்ததும் எனக்குத்தான் தெரியும். வெளிநாட்டுக்கு வருகிறவர்களிடம் இங்குள்ள நடைமுறைகளை முன்கூட்டியே சொல்ல யாருக்கும் மனம் இல்லை.

ஊத்தங்கரை, இப்போது இங்கிலாந்து:

நெய்யை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் அதே நோய்தான். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது என்பது பொதுவான விதி. 2025 ஏப்ரலிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வரும் பயணிகளுக்கும் அந்தத் தடை வந்துவிட்டது.

தேன்கனிக்கோட்டை:

விதிகள் இருக்கட்டும். நம் பட்டத்துக்கு இந்நாடுகளில் மதிப்பு இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஐந்தரை ஆண்டுகள் படித்துவிட்டு வந்தாலும் இங்கிலாந்தில் கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஆர்.சி.வி.எஸ்.-இன் தேர்வு, அமெரிக்காவில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான ஈ.சி.எஃப்.வி.ஜி. அல்லது பேவ் என்ற தகுதிச் சான்று வழி, ஆஸ்திரேலியாவில் தனித் தேர்வு என்று மறுபடியும் முதலிலிருந்து நிற்க வேண்டியிருக்கிறது. அத்தேர்வுகளுக்குப் படித்த நாள்களில் நான் கிடங்கில் பெட்டி அடுக்கினேன். தங்கை இப்போதே அதைப் பற்றி யோசிப்பது நல்லது.

கிருஷ்ணகிரி, பண்ணை மருத்துவர்:

இவை எல்லாம் வேறொரு நாள் பேச வேண்டியவை. கேட்ட பெண் திங்கட்கிழமையை நினைத்து உறங்காமல் இருப்பார். நான் பல ஆண்டுகளாகக் கறவை மந்தைகளோடு பணியாற்றுகிறேன். வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டியும் இருக்கிறேன். அம்மா, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதையே எழுதவில்லை. எந்த வகை விசாவில் வந்தீர்கள்? உங்களை அழைத்தது பல்கலைக்கழகமா, தனியார் மருத்துவமனையா? முகாமில் அணிந்திருந்த காலணியும் உடையும் இப்போது எங்கே இருக்கின்றன?

பாலக்கோட்டு மாணவி:

மன்னிக்க வேண்டும் ஐயா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் இருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகம் அழைத்திருக்கிறது. பண்ணைகளுக்கு அழைத்துச் செல்வது அதோடு இணைந்த மருத்துவமனை. பார்வையாளர் விசாவில் வந்திருக்கிறேன். கல்லூரியில் பயன்படுத்திய ரப்பர் காலணிகளைத்தான் முகாமிலும் போட்டிருந்தேன். அவற்றைக் கழுவிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். முகாமில் மாடுகளுக்குத் தடுப்பூசிதானே போட்டோம், அதனால் நோய் எப்படி வரும் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

கிருஷ்ணகிரி, பண்ணை மருத்துவர்:

இப்போது தெளிவாகப் பேசலாம். தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அதனால் நோய் பரவாது. ஆனால் முகாமில் பல தொழுவங்களின் மாடுகள் ஓரிடத்தில் கூடுகின்றன. அவற்றுள் எது நோய்த் தொற்றோடு வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. 2019 முதல் தேசியத் திட்டத்தின் கீழ் தடுப்பூசி போட்டுவந்தாலும் நம் நாட்டிலிருந்து அந்த வைரஸ் இன்னும் நீங்கவில்லை. மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் அது பெரும்பாலும் ஓரிரு நாளுக்கு மேல் தங்குவதில்லை. காலணியில் ஒட்டிய சாணத்திலும் துணியிலும் அதைவிட நீண்ட காலம் உயிரோடு இருக்கும். ஆகவே அவர்கள் உங்களை நிராகரிக்கவில்லை, காத்திருக்கச் சொல்கிறார்கள். காத்திருக்க வேண்டிய நாள்களை அந்தந்த இடம் முடிவு செய்யும். 5 நாள் கேட்கும் இடமும் உண்டு, 14 நாள் கேட்கும் இடமும் உண்டு. எத்தனை நாள், எந்த நாளிலிருந்து கணக்கு என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உங்களைப் பொறுத்தவரை அது முகாம் நடந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். இறங்கிய நாளிலிருந்து எண்ணினால் பயிற்சி நாள்கள் வீணாகக் குறையும்.

பெட்டியில் இருக்கும் காலணியைத் தொடாமல் இரட்டைப் பையில் கட்டி வைத்து, இருக்கிறது என்பதை மருத்துவமனைக்குத் தெரிவித்து, என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அதை எக்காரணம் கொண்டும் பண்ணைக்கு அணிந்து போகாதீர்கள். பண்ணைப் பொருள் விற்கும் கடையில் முழங்கால் வரை வரும் புதிய ரப்பர் காலணியும், நீர் புகாத மேலாடையும், அடிப்பகுதியைத் தேய்க்க ஒரு கெட்டித் தூரிகையும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு பண்ணையின் வாயிலிலும், நுழையும்போதும் வெளியேறும்போதும், சேறு முழுவதும் போகும்படி தேய்த்த பிறகே கிருமிநாசினியில் நிற்க வேண்டும். சேற்றின் மேல் ஊற்றும் மருந்தால் பயனில்லை. நம் ஊரில் தொழுவம் கழுவ 4 விழுக்காடு சலவைச் சோடாக் கரைசல் போதும் என்று படித்திருப்பீர்கள். அங்கே அரசு ஏற்ற மருந்தை, எந்த நோய்க்கு எந்த அளவு என்று குறித்த விகிதத்தில்தான் கலக்க வேண்டும்.

அடுத்தது விசா. அந்நாட்டு விதிப்படி, பார்வையாளராக வரும் கால்நடை மருத்துவ மாணவர் தம் படிப்போடு தொடர்புடைய எலெக்டிவ் பயிற்சியை அங்குள்ள உயர்கல்வி நிறுவனத்தில் மேற்கொள்ளலாம். ஆனால் ஊதியம் பெறக் கூடாது. சிகிச்சை அளிக்கக் கூடாது. ஆகவே பால் கறக்கும் வேலைக்குப் போகச் சொன்ன யோசனை, கூலி வாங்காவிட்டாலும், உங்கள் பயிற்சியையே கெடுத்துவிடும். ஊசி போடவில்லை, கன்று இழுக்கவில்லை என்று பின்னர் நண்பர்கள் கேட்டாலும் வருந்தாதீர்கள். ஒரு மாட்டுக்கு மருந்து கொடுப்பதை நாமக்கல்லிலேயே நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். இருநூறு மாடுகளை ஒரே நோயாளியாகக் கொண்டு சிந்திப்பதைக் கற்கத்தான் நீங்கள் போயிருக்கிறீர்கள். அதன் பெரும் பகுதியை மாட்டைத் தொடாமலே கற்கலாம்.

காத்திருக்கும் நாள்களில் மருத்துவமனையின் அலுவலகத்தில் அமர அனுமதி கேளுங்கள். ஏதாவது ஒரு மந்தையின் மாதாந்திரப் பால் பதிவுகளை, பண்ணையின் பெயரை நீக்கிவிட்டுத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பசுவின் பாலிலும் உள்ள சோமாட்டிக் செல் (பெரும்பாலும் வெள்ளையணுக்கள்) எண்ணிக்கை அதில் இருக்கும். மில்லிலிட்டருக்கு 2 லட்சத்துக்கு மேல் இருந்தால் மடியில் தொற்று இருப்பதாகக் கொள்வார்கள். 4 லட்சம் என்பது பண்ணையின் மொத்தப் பாலுக்கு உரிய வரம்பு. பால் வற்றவிடுவதற்கு (அடுத்த கன்று ஈனுவதற்கு முன் கறப்பதை நிறுத்துவதற்கு) முன் எடுத்த கடைசி எண்ணையும், கன்று ஈன்று முப்பது நாளுக்குள் எடுத்த முதல் எண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முன்பு குறைவாக இருந்து பின்பு கூடியிருந்தால், அந்தப் பசு பெரும்பாலும் வற்றிய காலத்தில்தான் புதிய தொற்றைப் பெற்றிருக்கிறது. ஈன்ற முதல் முப்பது நாளில் பன்னிரண்டு பசுக்களுக்கு ஒன்றுக்கு மேல் புதிதாக மடிநோய் வெளிப்பட்டால், கறவைக் கொட்டகையை விட்டுவிட்டு, வற்றிய பசுக்கள் படுக்கும் இடத்தைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்று அங்குள்ள மடிநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் சொல்கிறது. நான்கைந்து மந்தைகளுக்கு இதை நீங்களே கணக்கிட்டு முடித்தால், பண்ணைக்குள் நுழையும் நாளில் எதைப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஊத்தங்கரை, இப்போது இங்கிலாந்து:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தென்மேற்குப் பகுதியில் மாட்டுக் காசநோய் அதிகம். ஆகவே அதற்கான பரிசோதனை அடிக்கடி நடக்கும். கழுத்தில் இரண்டு இடங்களில் ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்துத் தோலின் தடிப்பை அளப்பார்கள். ஊசி போடும் நாள் மட்டும் போனால் பாதிதான் கற்பீர்கள். செவ்வாய்க்கிழமை போகும் பண்ணைக்கு வெள்ளிக்கிழமையும் உங்களை அழைத்துப் போகும்படி முன்பே கேட்டுவிடுங்கள். கறவை முடிந்து மாடுகள் வெளியே வரும் வழியில், சமமான தரையில், அவற்றின் நடையை 0 (நல்ல நடை) முதல் 3 (கடுமையான நொண்டல்) வரை மதிப்பிடும் பயிற்சியையும் கேளுங்கள். அதற்கும் மாட்டைத் தொட வேண்டியதில்லை. கிராமப்புறத்தில் பேருந்து மிகக் குறைவு. காலையில் மருத்துவமனை முற்றத்திலிருந்து மருத்துவரின் வண்டியிலேயே போவதுதான் எளிது. அதற்கு ஏற்ப நடந்து போகும் தொலைவில் அறை எடுங்கள்.

மத்திகிரி, இப்போது ஆஸ்திரேலியா:

நாடு தெரியாமல் எழுதிவிட்டேன். கியூ காய்ச்சல் பற்றி நான் சொன்னது ஆஸ்திரேலியாவுக்குப் பொருந்தும். டெட்டனஸ் ஊசிச் சான்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயாவிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு இரண்டு, மூன்று கலப்பினப் பசுக்கள்தானே இருக்கின்றன. இருநூறு மாட்டு மந்தைக்கான கணக்கைப் படித்துத் தங்கை பாலக்கோட்டில் என்ன செய்ய முடியும்?

கிருஷ்ணகிரி, பண்ணை மருத்துவர்:

நல்ல கேள்வி. ஓர் ஊரில் ஒரே கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் வீடுகள் அனைத்தையும் ஒரு மந்தையாகக் கொள்ளுங்கள். அவற்றுக்குத் தீவனம் பெரும்பாலும் ஒரே வகை, தண்ணீர் ஒரே ஏரியிலிருந்து, சினை ஊசி போடுபவரும் அநேகமாக ஒருவரே. எந்தத் தெருவில் பசுக்கள் சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகின்றன, எந்த மாதத்தில் மடிநோய் கூடுகிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஈன்ற தேதி, சினை ஊசி போட்ட தேதி, மடிநோய் கண்ட தேதி ஆகிய மூன்றையும் வீடுதோறும் ஓராண்டு குறித்து வைத்தாலே, இங்கிலாந்தில் செய்யும் அதே கணக்கை ஒரு கிராமத்துக்குச் செய்துவிடலாம். வளர்ச்சி மந்தமான கன்றுகளும் பால் குறைந்த பசுக்களும் போச்சம்பள்ளிச் சந்தைக்கு விலைக்குப் போவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். தங்கை இதையே தம் பயிற்சி அறிக்கையின் கடைசிப் பகுதியாக எழுதலாம்.

பாலக்கோட்டு மாணவி:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே எழுதிக் கேட்டேன். முகாம் நடந்த நாளிலிருந்து கணக்கு வைப்பதாகவும், அடுத்த வியாழக்கிழமை முதல் பண்ணைக்கு வரலாம் என்றும் பதில் அனுப்பியிருக்கிறார்கள். திங்கள் முதல் புதன் வரை அலுவலகத்தில் பால் பதிவுகளைப் பார்க்கவும் சம்மதித்துவிட்டார்கள். காலணிப் பையை அவர்களே வாங்கி அழித்துவிடுவார்களாம். பதிவேட்டில் அந்த மூன்று நாள்களையும் பயிற்சியாகக் காட்டலாமா என்பது மட்டும் தெரியவில்லை.

கிருஷ்ணகிரி, பண்ணை மருத்துவர்:

காட்டலாம். ஆனால் பண்ணை நாள் என்று எழுதாமல், மந்தைப் பதிவு ஆய்வு என்று குறித்து, எத்தனை மந்தைகள், எந்தக் கணக்கு, என்ன முடிவு என்பதைக் கீழே எழுதி, அன்றன்றே பொறுப்பு மருத்துவரின் கையொப்பத்தையும் பதிவு எண்ணையும் வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் மொத்தமாகக் கேட்டால் அவர் விடுப்பில் இருக்கக்கூடும். இப்படி ஒரு மாதிரிப் பக்கத்தை எழுதி, உங்கள் கல்லூரி வழிகாட்டிக்கு இன்றே படமெடுத்து அனுப்பி, இந்த வடிவம் போதுமா என்று திங்கட்கிழமைக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.