ராத்திரி முழுக்க ஓடும் ஹாம்ஸ்டர்: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தாம்பரம் அப்பா:

ஹாம்ஸ்டர் என்பது எலி மாதிரி ஒரு சின்ன வளர்ப்புப் பிராணி. எங்கள் வீட்டில் இருப்பது சிரியன் வகை, பொன்னிறம், பெயர் முந்திரி. மகள் அடம்பிடித்து வாங்கியது. கூண்டையும் விற்றவரே சேர்த்துக் கொடுத்தார்: ஒன்றரை அடி நீளம், சுற்றிலும் கம்பி, உள்ளங்கை அளவுக்கு ஒரு கம்பிச் சக்கரம், ஒரு பிடி மரத்தூள். பகலெல்லாம் சுருண்டு தூங்கும். பத்து மணிக்கு நாங்கள் விளக்கை அணைத்ததும் அதற்கு விடியும். முதலில் சக்கரம், அப்புறம் கம்பியைக் கடிப்பது. சக்கரச் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பல் கம்பியில் உரசும் அந்தக் ‘கரக் கரக்’ அடுத்த அறைவரை கேட்கும்.

வந்தவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஏணி, ஊஞ்சல், மணி எல்லாம் வாங்கிப் போட்டோம். புதுப் பொருளை மோந்து பார்ப்பதோடு சரி, மறுபடி கம்பிக்கே போய்விடும். என் அம்மா மட்டும், “எலி ராத்திரி தூங்குமாடா? பிள்ளையார் வாகனம், அது பாட்டுக்கு இருக்கட்டும் விடு” என்றார். தூங்காது என்பது சரிதான். ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் அதற்கு ஒரு வேலை வேண்டாமா?

கொளத்தூரில் வண்ணமீன் விற்கும் தெருவில் ஒரு பழைய கண்ணாடித் தொட்டி கிடைத்தது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தண்ணீர் கசிகிறது என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள், அதனால் விலையும் குறைவு. நமக்குத்தான் தண்ணீர் தேவையில்லையே! மேலே இரும்பு வலை அடித்த மரச்சட்டத்தை மூடியாக வைத்தேன். கொசுவலை போட்டால் ஒரே ராத்திரியில் ஓட்டை போட்டுவிடும். உள்ளே ஒரு பக்கம் ஓரடி ஆழத்துக்குக் கிழித்த வெள்ளைக் காகிதமும் காய்ந்த புல்லும் மாற்றி மாற்றிப் போட்டு, கையால் நன்றாக அழுத்தினேன். அழுத்தாவிட்டால் சுரங்கம் நிற்காது, தோண்டத் தோண்டச் சரிந்துவிடும்.

விட்ட முதல் இரவு ஒரு சத்தமும் இல்லை. தப்பித்துவிட்டது என்றே நினைத்தோம். காலையில் பார்த்தால் கண்ணாடியை ஒட்டியே ஒரு சுரங்கம், அதன் கடைசியில் ஓர் அறை, அறைக்குள் முந்திரி. “கம்பியே இல்லை, எதைக் கடிக்கும்?” என்று மைத்துனர் கேட்டார். கண்ணாடி மூலையைச் சுரண்டியிருக்கலாம், மூடி வலையில் தொங்கியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள். பொம்மைப் பட்டியல் வேண்டாம். ஒரு வாரம் கழித்தும் எது பலித்தது என்று சொன்னால் போதும்.

பீளமேடு தம்பி:

அண்ணா, நாங்கள் நாலு பேர் ஒரே வாடகை அறையில் இருக்கிறோம். ஹாம்ஸ்டரும் அதே அறையில்தான், அதனால் சத்தம்தான் எங்களுக்கு முதல் பிரச்சினை. சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

அது ஓடும்போது பக்கவாட்டில் நின்று முதுகைப் பாருங்கள். முதுகு வில் மாதிரி வளைந்தால் சக்கரம் சின்னது. சிரியனுக்கு 28 செ.மீ. விட்டம் வேண்டும், குட்டை வகைகளுக்கு 20 செ.மீ. போதும். ஓடும் பரப்பு பலகை மாதிரி மூடியிருக்க வேண்டும். கம்பிச் சக்கரத்தில் கால் இடுக்கில் மாட்டும், பாதம் புண்ணாகும்.

‘கீச் கீச்’ சத்தத்துக்கு அச்சில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விட்டோம். மெஷின் ஆயில் வேண்டாம், நக்கிவிடும். அதற்குப் பிறகும் ஒரு ‘தடதட’ இருந்தது. தாங்கி பிளாஸ்டிக் தரையில் அதிர்வதுதான் காரணம். கீழே ஒரு தரை ஓடு வைத்ததும் நின்றுவிட்டது.

எங்கள் அறையில் ஒருவன் சைக்கிள் ஓட்டுபவன். அவனுடைய பழைய சைக்கிள் மீட்டரின் காந்தத்தைச் சக்கரத்தின் பின்புறம், பல்லுக்கு எட்டாத இடத்தில் ஒட்டினோம். 28 செ.மீ. விட்டம் என்றால் சுற்றளவு 88 செ.மீ. அதை மீட்டரில் பதிந்தோம். காலையில் எழுந்து பார்த்தால் கிலோமீட்டர் கணக்கில் காட்டுகிறது! நாங்கள் நாலு பேரும் வகுப்புக்கு நடந்ததைக் கூட்டினாலும் அதன் பக்கத்தில் நிற்காது. இன்னொன்றும் கவனித்தோம். தீனியைக் கிண்ணத்தில் வைத்த இரவுகளில் மீட்டர் ஏறுகிறது. கூண்டு முழுக்க இறைத்துவிட்ட இரவுகளில் இறங்குகிறது.

மதுரை அத்தை:

இறங்கத்தானே செய்யும் தம்பி. தேடித் தின்ன நேரம் போய்விடுகிறதே, எப்போது ஓடும்?

தம்பி மகன் வெளியூர் போனபோது அவனுடைய ஹாம்ஸ்டரை என்னிடம் விட்டுப் போனான். திரும்பி வந்து கேட்டபோது நான் கொடுக்கவில்லை, அது வேறு கதை. நான் முதலில் எடுத்தெறிந்தது தீனிக் கிண்ணத்தைத்தான். கண்ணுக்கு முன்னால் தீனி குவிந்திருந்தால் ஒரே நிமிடத்தில் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போய் ஒளித்துவைத்துவிடும். மிச்ச ராத்திரிக்கு என்ன செய்யும்?

தினை, சாமை, கம்பு, உடைக்காத ஓட்ஸ், நாலைந்து பூசணி விதை. இதோடு கடையில் விற்கும் ஹாம்ஸ்டர் பெல்லட்டையும் கலந்துகொள்வேன், தானியம் மட்டும் போதாது. எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி. சாயங்காலம் காகிதத்துக்குள்ளே, கொட்டாங்குச்சிக்கு அடியில், முட்டை அட்டையின் குழிகளில் என்று தூவிவிடுவேன். சூரியகாந்தி விதை இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை. அதில் கொழுப்பு அதிகம், கொடுத்துப் பழக்கினால் மற்றதைத் தொடாது.

ரொம்பப் பிடித்தது தினைக்கதிர். முழுக் கதிரை உதிர்க்காமல் நட்டுவைத்தால், பின்னங்காலில் நின்று வளைத்து இழுத்து மணி மணியாகப் பறிக்கும். அதைப் பார்க்க நானே பதினொரு மணிவரை உட்கார்ந்திருப்பேன். ஒரு தட்டில் கம்பை முளைக்கவைத்து, இரண்டு விரற்கடை வளர்ந்ததும் அப்படியே உள்ளே வைக்கலாம். கொட்டாங்குச்சியில் நாரைச் சுத்தமாக வழித்து, வாய் விளிம்பைத் தேய்த்துவிட்டுக் கவிழ்த்தால் அதுவே வீடு. காசு கொடுத்து வாங்கும் வீட்டைவிட எங்கள் பயலுக்கு இதுதான் பிடித்தது.

எறும்பு வரும், அதற்கு மேசையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். எறும்புச் சாக்பீஸால் கோடு போடாதீர்கள், அது விஷம். வெள்ளரி, கேரட் போட்டால் மறுநாள் அதன் சேமிப்பு அறையை எட்டிப் பார்த்து, ஈரமானதை மட்டும் எடுத்துவிடுங்கள். தானியத்தை எடுக்காதீர்கள். மொத்தமாக வழித்து எடுத்தால் அன்று ராத்திரி பதறிப்போய் அலையும்.

பெங்களூருவில் இருந்து:

என் தங்கை வீட்டில் ஹாம்ஸ்டரை உள்ளே வைத்து மூடும் பிளாஸ்டிக் பந்து இருக்கிறது. உள்ளே விட்டால் வீடு முழுக்க உருண்டு வருகிறது, பார்க்கக் குஷியாகத்தான் தெரிகிறது. தவிர, இரண்டு வாங்கிவிட்டால் ராத்திரி ஒன்றோடொன்று விளையாடாதா?

ஈசூன் அக்கா:

தயவுசெய்து இரண்டு வாங்காதீர்கள். சிங்கப்பூரில் வீவக வீட்டில் (அரசு கட்டிய அடுக்குமாடி வீடு) ஹாம்ஸ்டருக்குத் தடையில்லை, அதனால் இங்கே பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் பார்க்கலாம். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவை இரண்டு சிரியன்கள். “அக்கா தங்கைதான், ஒன்றாகவே வளரும்” என்று சொல்லிக் கொடுத்தார்கள். குட்டியாக இருந்தவரை ஒரே குவியலாகத் தூங்கின. வளர வளர ஒன்று இன்னொன்றைத் துரத்த ஆரம்பித்தது. ஓர் இரவு கிறீச்சென்ற அலறல் கேட்டு ஓடிப் பார்த்தால், சின்னதன் காது கிழிந்து ரத்தம். அன்றே பிரித்துவிட்டோம். தனித் தொட்டிக்குப் போனதும் இரண்டுமே அமைதியாகிவிட்டன. வளர்ந்த சிரியன் ஒரு வளைக்கு ஒன்றுதான் இருக்கும். நாம் துணை என்று விடுவது அதற்கு வீடு புகுந்த திருடன். பிரிக்க ஆளில்லாத நேரத்தில் செத்தே போகும்.

பந்துக்கு வருகிறேன். அது குஷியில் ஓடுகிறதா, வெளியே வர வழி தேடுகிறதா என்று நமக்குத் தெரியாது. உள்ளே மோந்து பார்க்க எதுவுமில்லை, நினைத்தபோது நிறுத்தவும் முடியாது, சுவரில் போய் இடிக்கிறது, காற்றுத் துளையில் விரல் மாட்டுகிறது. வெக்கை நாளில் உள்ளே சூடு வேறு. அதற்குப் பதில் நான் செய்வது: மகனின் வீட்டுப்பாடம் முடிந்ததும் கூடத்தில் அட்டைகளை வட்டமாக நிறுத்தி, நடுவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்துகொள்வோம். அது எங்கள் மடியில் ஏறும், இறங்கும், அட்டைக் குழாய்க்குள் நுழையும். அரை மணி நேரம் போதும். அதுவாக எழுந்து வந்த பிறகுதான் எடுப்போம். தூங்குவதைத் தட்டி எழுப்பினால் கடிக்கும், அதன்மேல் குற்றமில்லை.

இப்போது இருப்பது ரோபோரோவ்ஸ்கி என்ற குட்டை வகை, பெருவிரல் அளவுதான். மங்கோலியா, வடசீனா பக்கத்து மணற்பாங்கான நிலத்து உயிர். அதனால் தொட்டியில் பாதி மணல்தான். இரவில் விளக்கைக் குறைத்தால் மணலில் புரண்டு, வழித்து, மறுபடி புரண்டு, இதுவே அதற்குப் போதுமான பொழுதுபோக்கு. கையில் எடுத்துக் கொஞ்ச ஆசைப்படுகிறவர்கள் இந்த வகையை வாங்க வேண்டாம், பிடிக்கவே முடியாது.

தஞ்சாவூர் சார்:

போரடித்தால் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதை. மூடியின் ஒரு கொக்கி தளர்ந்திருந்தது. பல ராத்திரி அதே மூலையை முட்டிக்கொண்டே இருந்தது, கடைசியில் வென்றுவிட்டது. வீட்டில் எலிக்கு வைத்திருந்த பசை அட்டைகளை முதலில் பொறுக்கினோம், அதுதான் பெரிய பயம். கதவுகளைச் சாத்தி, ஒவ்வொரு அறை வாசலிலும் அரிசி மாவைத் தூவி, நடுவில் நாலு விதை வைத்தோம். மாவில் கால்தடம் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் போயிருந்தது. அங்கே ஒரு பழைய துண்டைக் கிழித்துக் கூடு கட்டி, விதையும் சேர்த்துவைத்து, குடித்தனமே ஆரம்பித்துவிட்டது. அந்தத் துண்டுக் கூட்டைப் பார்த்துத்தான் அதற்குக் கட்ட ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. இப்போது தினமும் வாசனையில்லாத டிஷ்யூ தாள் இரண்டை முழுதாக உள்ளே போடுகிறோம், அதுவே கிழித்துக்கொள்கிறது. கடையில் மெத்தைக்கென்று விற்கும் பஞ்சை மட்டும் போடாதீர்கள். இழை காலில் சுற்றி இறுக்கும், தின்றால் குடலை அடைக்கும்.

வேப்பேரி மாணவி:

கால்நடை மருத்துவம் படிக்கிறேன். தாம்பரம் சார் தொட்டியில் பார்த்ததைச் சோதனையாகவே செய்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்டது. பொன்னிற ஹாம்ஸ்டர்களை, அதாவது சிரியன்களை, தோண்டுவதற்கு அடியில் போடும் படுக்கையை 10, 40, 80 செ.மீ. என மூன்று ஆழங்களில் போட்டு வளர்த்தார்கள். 10 செ.மீ. கூட்டம்தான் கம்பியை அதிகம் கடித்தது, சக்கரத்திலும் அதிகம் ஓடியது. 80 செ.மீ.யில் கம்பி கடிப்பது மிக அரிது. ஆகவே ஓட்டம் அதிகமாக இருந்தால் சந்தோஷமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பீளமேடு அண்ணன் மீட்டரையும் அப்படித்தான் படிக்க வேண்டும். அதற்காகச் சக்கரத்தை எடுத்துவிடாதீர்கள். “ராத்திரி மட்டும் எடுத்துவைத்துவிடுவேன்” என்று சிலர் சொல்கிறார்கள். அது ஓடும் நேரமே அதுதானே!

இன்னொரு வேடிக்கை. நம் வீடுகளில் உள்ள சிரியன்களில் பெரும்பாலானவை 1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி எடுத்த ஒரு தாய், அதன் குட்டிகள் வழி வந்தவை. அங்கிருந்து அதிக தூரமில்லாத தெற்குத் துருக்கியில் இயற்கையாக வாழும் பெண் ஹாம்ஸ்டர்களைக் கண்காணித்து 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. அவை வெளியே வந்தது பகலில், அதிலும் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும். கூண்டில் மட்டும் இரவாடியாகிவிடுகிறது. அதைப் படித்துவிட்டு நாம் பகலில் எழுப்பப் போனால் பலிக்காது. ஆனால் மாலையில் ஒரே நேரத்துக்கு விளக்கைக் குறைத்து, தீனியைத் தூவினால், நம் தூக்கத்துக்கு முன்பே அதன் சுறுசுறுப்பில் ஒரு பகுதி கழிந்துவிடும். நடுராத்திரிவரை டி.வி. ஓடும் கூடத்தில் வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் குழம்பும்.

திடீரென்று குணம் மாறினால் மட்டும் சலிப்பு என்று விட்டுவிடாதீர்கள். தலையைச் சாய்த்து ஒரே பக்கம் சுற்றினால் காதில் தொற்று இருக்கலாம். இரவு முழுக்கச் சொறிந்தால் உண்ணி பாருங்கள். வால் பக்கம் ஈரமாகி வயிற்றோட்டம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள், மறுநாள்வரை தாங்காது.

தாம்பரம் அப்பா:

கம்பு முளைத் தட்டை நேற்று வைத்தேன் அத்தை. பாதியைத் தின்றது, மீதியைப் பிடுங்கிச் சுரங்கத்துக்குள் இழுத்துப்போய்விட்டது. மகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

மே மாத வெக்கைக்கு நாங்கள் செய்வது: சின்ன மண் சட்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்து, பாதி புதைத்துவிடுவோம். உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். கரண்ட் போன இரவில் உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே, கண்ணாடியை ஒட்டி வைப்போம்.

ஈசூன் அக்கா சொன்ன மணலை ஒரு மூலையில் போட்டுப் பார்க்க ஆசை. பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், எம்-சாண்ட் குவிந்து கிடக்கிறது. எடுக்கலாமா?

ஈசூன் அக்கா:

வேண்டாம் சார். எம்-சாண்ட் உடைத்த கல், முனை கூராக இருக்கும், மாவு மாதிரி தூசியும் சேர்ந்திருக்கும். புரளும்போது அதெல்லாம் மூக்குக்குள் போகும். சின்சில்லா என்ற இன்னொரு கொறிக்கும் பிராணிக்கு என்று விற்கும் குளியல் பொடியும் அதே காரணத்தால் ஆகாது. கொளத்தூர் உங்களுக்குத் தெரிந்த இடம்தானே, மீன் தொட்டிக்கு விற்கும் மெல்லிய மணல், சாயம் போடாததாகக் கேளுங்கள். தண்ணீர் தெளியும்வரை அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, பேக்கிங் தட்டு அளவுள்ள பாத்திரத்தில் இரண்டு அங்குலம் போடுங்கள். சிறுநீர் கழிக்கவும் அந்த மூலையையே வைத்துக்கொள்ளும், அதனால் ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டியான மணலைக் கரண்டியால் அள்ளிவிட்டால் போதும்.